சக்கை

“முழுவட்டா? எதுக்குக்கா? இப்ப அத யாரும் வாங்குததில்லயே” என்றார் நூர்தீன்.

தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அவருடைய கடை. சலேத் அதற்கு முன் நான்கைந்து கடைகளில் கேட்டுவிட்டாள். இரண்டு கடைகளில் அந்தப் பெயரே தெரியவில்லை.

“வீட்டுல ஒரு பழைய மடிக்கணினி கெடக்கு. எப்ப உயிர் போகும்னு தெரியல. அதுல உள்ளதெல்லாம் வெளிய எடுத்து வைக்கணும்.”

“அதுக்கு இது போதும்லா.” கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து புளியங்கொட்டை அளவில் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “சாறுவட்டு. உங்க வீடு, உங்க அம்மா வீடு, மாமியார் வீடு, எல்லாத்தையும் போட்டாலும் பாதிகூட நிரம்பாது. தண்ணில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஆயுசுக்கும் உத்தரவாதம்.”

“எல்லாம் அப்படியே இருக்குமா?”

“அப்படியேதான். அதவிட நல்லாவே இருக்கும்.”

அவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் சலேத் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

சாறுவட்டு புழக்கத்துக்கு வந்து ஒரு தலைமுறை ஆகப்போகிறது. தரவுக் கிடங்குகளைக் குளிர்விக்க ஊர் ஊராகக் குடிநீர் போய்க்கொண்டிருந்த காலத்தில், இனி எதையும் அப்படியே சேமித்துக் குவிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அப்போது கண்டுபிடித்ததுதான் சாறெடுக்கும் முறை. ஒரு படத்தைக் கொடுத்தால் சாறுவட்டு அதில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ளும். புரிந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். கடற்கரை, சாயங்காலம், ஐந்து வயதுப் பெண்பிள்ளை, சிவப்புக் கவுன், அலையைக் கண்டு பயம். மறுபடி கேட்கும்போது, கோடிக்கணக்கான கடற்கரைகளையும் பிள்ளைகளையும் பார்த்துப் பழகிய ‘மலர்த்தி’ அந்தச் சாற்றிலிருந்து படத்தைத் திரும்ப வரைந்து தரும். முகம் தப்பாது, உடை தப்பாது. எடுத்தவருக்கே வித்தியாசம் தெரியாது. புரியாதவை, பொருளில்லாதவை, எங்கும் காணாத விதமாக இருப்பவை எல்லாம் சக்கை. சக்கையை அது தூக்கி எறிந்துவிடும்.

யாரும் குறைசொல்லவில்லை. கல்யாண வீடியோக்களில் யாரும் கொட்டாவி விடுவதில்லை என்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

சலேத் ஒருமுறை கவனித்திருந்தாள். அவள் துறைமுகத்தில் தொலைப்பளுதூக்கி இயக்குபவள். அறைக்குள் உட்கார்ந்து நேரலைத் திரையைப் பார்த்துக் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்குவது வேலை. ஒரு நாள் பக்கத்துத் தளத்தில் ஒரு பெட்டி காற்றில் கோணலாகச் சுழன்றதை அவள் நேரில் பார்த்தாள். கீழே நின்றவர் மயிரிழையில் தப்பினார். விசாரணையில் பதிவைப் போட்டபோது பெட்டி தூக்குக்குண்டு மாதிரி நேராக இறங்கியது. பெட்டிகள் வழக்கமாக இறங்குவது அப்படித்தான். “உங்க கண்ணு ஏமாத்திருக்கும்மா” என்றார் அதிகாரி.

இப்போது மகள் விஷயத்திலும் அதையே கேட்க வேண்டியதாகிவிட்டது.

ரெனிட்டாவுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு. மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபின், மதுரையில் டாக்டர் உமையாள் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றார். வலிப்பு மூளையில் எந்த இடத்தில் கிளம்புகிறதோ அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். ஆனால் இடம் தெரிய வேண்டும். தலைப்படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆகவே, வலிப்பு வரும்போது உடம்பின் எந்தப் பாகம் முதலில் அசைகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மருத்துவமனையில் படுக்கவைத்து எடுத்த பதிவுகளில் இடது கைதான் முதலில் துடித்தது.

“கை இல்ல டாக்டர்” என்றாள் சலேத். “கால் பெருவிரல். இடது கால். முதல்ல அது மட்டும் மேல தூக்கும், யாரோ நூல் கட்டி இழுக்க மாதிரி. அதுக்குப் பெறவுதான் கை.”

உமையாள் பதிவை மறுபடி ஓட்டிக் காட்டினார். பெருவிரல் போர்வையின் மேல் சும்மா கிடந்தது. பிறகு பொறுமையாகச் சொன்னார். “பதட்டத்துல பார்க்கிறப்ப அப்படித் தோணும்மா. வீட்ல எடுத்த வீடியோ ஏதாவது இருந்தா கொண்டு வாங்க, பார்க்கலாம். ஆபரேஷன் தேதியை அதுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.”

வீட்டில் எடுத்தவை அந்த மடிக்கணினியில் இருந்தன. ஆரம்ப வருடங்களில், பிள்ளைக்கு வலிப்பு என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று அவள் கணவன் ததேயு பிடிவாதமாக இருந்தான். குடும்பச் சேமிப்பில் போட்டால் நாத்தனார் முதல் சித்தப்பா வரை பார்ப்பார்கள். அதனால் கைபேசியில் எடுத்ததை, சேமிப்புக்குப் போய்ச் சாறாகும் முன்பே, உடனுக்குடன் அந்தப் பழைய கணினிக்கு மாற்றிவிடுவார்கள். சாறெடுக்கும் காலத்துக்கு முந்தைய கணினி அது. கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருக்கும். எடுத்ததோடு சரி, சலேத் அவற்றை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. பார்க்கத் தெம்பில்லை.

இப்போது கணினியின் அடிவயிறு உப்பிவிட்டது. பழுதுபார்ப்பவர் மின்கலத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, “நேரா மின்சாரத்துல ஓட்டுங்க. உள்ள இருக்க வட்டும் தேஞ்சு போச்சு. ஒருக்க எழுந்திருக்கும், ஒருக்க எழுந்திருக்காது. தேவையில்லாம ஒரு கோப்பையும் திறக்காதீங்க. நேரா நகலெடுத்துருங்க” என்று சொல்லியிருந்தார்.

நூர்தீன் சலேத்தின் முகத்தைப் பார்த்தார். பின்பக்கம் போய், செங்கல் மாதிரி கனமான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவந்து துணியால் துடைத்தார்.

“முழுவட்டு. ஒரு வக்கீல் வீட்டுலேர்ந்து வந்தது. ஓடும், ஆனா நாளைக்கும் ஓடும்னு நான் சொல்ல மாட்டேன். கீழ விழுந்தா முடிஞ்சுது. இடமும் கம்மி. உங்க கணினியில உள்ளதுல கால்வாசி புடிச்சா அதிகம்.”

“பொய் சொல்லாதுல்லா?”

“வட்டு எப்படிக்கா பொய் சொல்லும்?” அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். “போட்டதத் தரும். இல்லன்னா ஒண்ணுமே தராது.”

சலேத் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒன்று சாகாது, ஆனால் அது சொல்வதை நம்ப முடியாது. இன்னொன்றை நம்பலாம், ஆனால் எந்த நிமிடத்திலும் செத்துப்போகும். கடைசியில் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள். பேருந்தில் யாரும் இடித்துவிடாதபடி கறுப்புப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். ரெனிட்டா கூடத்துக் கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“எத எதுல போடப்போற?” என்று ததேயு கேட்டான்.

“வலிப்பு வீடியோ எல்லாம் முழுவட்டுல. அதுதான் முதல்ல. மத்ததெல்லாம் சாறுவட்டுல.”

ததேயு கறுப்புப் பெட்டியின் மேல் விரலை ஓட்டினான். அவன் எப்போதும் அப்படித்தான், கேட்க வேண்டியதைச் சுற்றிக்கொண்டு வருவான்.

“முழுவட்டுல மிச்சம் இடம் இருக்குமா?”

“இருக்காது ரெனிப்பா. கணக்குப் பாத்துட்டேன். வலிப்பு வீடியோவே தளும்பத் தளும்ப இருக்கு.”

“பெலிக்ஸு பாட்டு ஒண்ணே ஒண்ணு.”

பெலிக்ஸ் அவனுடைய தம்பி. கப்பல் வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவன். போவதற்கு முந்தின கிறிஸ்துமஸில், வீட்டு மொட்டைமாடியில் ஆட்டம்போட்டபடி அவன் பாடிய நீளமான வீடியோ ஒன்று இருந்தது. அவன் குரல் இருப்பது அதில் மட்டும்தான்.

“ரெண்டு மூணு வலிப்பு வீடியோவ விட்டாத்தான் அது கொள்ளும்” என்றாள் சலேத். “எதுல விரல் தெரியுதோ, எதுல தெரியலயோ. தெறந்து பாக்கவும் முடியாது. எத விடச் சொல்லுதீங்க?”

அவன் மகளைப் பார்த்தான். மேசையின் விளிம்பைக் கையால் துடைத்தான். அதில் ஒன்றும் இல்லை.

“சாறுலயே போடு அவன. பாட்டு பாட்டுதான.”

கணினி முதல் தடவை எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. சலேத் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி அழுத்தினாள். எங்கோ உள்ளே ஒரு உறுமல் கேட்டது, திரை வெளுத்தது. முழுவட்டைச் செருகினாள். நகலெடுப்பு நத்தை மாதிரி ஊர்ந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. கணினி கொதித்தது. ததேயு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தான். செருகும் இடம் தளர்ந்துபோயிருந்ததால் கம்பியை விரலால் தாங்கிப் பிடித்தபடி நிற்க வேண்டியிருந்தது. சலேத் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் மரத்தது. மாற்றிப் பிடிக்கப் பயமாக இருந்தது.

கட்டிலில் பென்சில் கீழே விழும் சத்தம் கேட்டது.

“ரெனி?”

சலேத்துக்குத் திரும்பாமலே தெரிந்துவிட்டது. “ரெனிப்பா, புடிங்க இத. அசையக் கூடாது” என்று கம்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தாள். கை கால் எல்லாம் ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருந்தன. எது முதலில் அசைந்தது என்பது இந்தத் தடவை அவள் கண்ணில் படவில்லை. மேசைப் பக்கம் ததேயு கம்பியைப் பிடித்தபடி, உடம்பு முழுக்க மகள் பக்கம் திரும்பி, காலை மட்டும் அசைக்காமல் நின்றான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க இன்னொரு கை இருந்தும் அவன் துடைக்கவில்லை.

வலிப்பு அடங்கிப் பிள்ளை அயர்ந்து தூங்கியபின் சலேத் எழுந்து வந்தாள். நகலெடுப்பு முடிந்திருந்தது.

சாறுவட்டில் மற்றவற்றை ஏற்ற அதிக நேரம் ஆகவில்லை. கடைசிக் கோப்பு போன கையோடு மடிக்கணினியிலிருந்து கருகிய வாடை வந்தது. திரை அணைந்தது. அதன்பின் அது எழவே இல்லை.

அன்று சாயங்காலம் ததேயு சாறுவட்டிலிருந்து தம்பியின் பாட்டைப் போட்டுப் பார்த்தான். மொட்டைமாடி, விளக்குத் தோரணம், பெலிக்ஸின் நீலச் சட்டை எல்லாம் சரியாக இருந்தன. பெலிக்ஸ் பாடினான். சுருதி சுத்தமாக, தாளம் பிசகாமல் பாடினான். ததேயு பாதியில் நிறுத்திவிட்டான்.

“அவனுக்குப் பாடவே வராது சலேத்” என்றான். “கழுத கத்துத மாதிரி இருக்கும். அதக் கேட்டுத்தான் எல்லாரும் சிரிச்சோம்.”

சலேத் அவன் தோளில் கை வைத்தாள். அவன் எழுந்து வெளியே போனான்.

*

மதுரை மருத்துவமனையில், முழுவட்டைப் பார்த்ததும் பதிவறைப் பெண் முகம் சுளித்தாள். எப்படியோ ஒரு இணைப்பியைத் தேடிப் பிடித்துச் சுவரிலிருந்த ஏற்பியில் செருகினாள். விளக்கு பச்சையானதும் வட்டைப் பிடுங்கி சலேத்திடம் திருப்பிக் கொடுத்தாள். சற்று நேரத்தில் டாக்டர் உமையாளின் அறைத் திரையில் ரெனிட்டா தெரிந்தாள். நான்கு வயது, வீட்டுக் கட்டில், பூப்போட்ட போர்வை.

சலேத் திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள். இடது கை துடித்தது. பிறகு முகம். பிறகு உடம்பு முழுவதும். பெருவிரல் அசையவில்லை.

அடுத்த வீடியோ. கை. அதற்கடுத்தது. கை.

“பார்த்தீங்களாம்மா” என்றார் உமையாள் மென்மையாக. “ஒண்ணும் தப்பில்ல. எல்லா அம்மாக்களுக்கும் இப்படித்தான் இருக்கும்.”

சலேத் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டாள். நான்கு வருடமாகத் தான் பார்த்தது என்ன? கண்டதெல்லாம் கற்பனையா? பிள்ளையின் தலையைத் திறக்கப் போகிறார்கள், அம்மா பைத்தியக்காரி மாதிரிக் கால்விரல் கால்விரல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். திரையில் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. அதில் வீட்டு அறை வெளிச்சமாக இருந்தது. படம் ஆடாமல் இருந்தது. வலிப்பின் மெல்லிய முனகலைத் தவிர ஒரு சத்தம் இல்லை.

அவள் நிமிர்ந்தாள்.

“நான் எங்க?”

“என்னது?”

“நான் அழுதேன் டாக்டர். எடுக்கும்போதெல்லாம் அழுதுக்கிட்டேதான் எடுத்தேன். மாதாவே மாதாவேன்னு கத்துவேன். கை நடுங்கிப் படமே ஆடும். இதுல ஒண்ணுமே இல்லயே. இது என் வட்டுலேர்ந்து நேரா வருதா?”

“எதுவுமே எங்க சேமிப்பு வழியாத்தானம்மா வரும். ஏற்பியில போட்டதும் சாறெடுத்து...” உமையாள் பாதியில் நிறுத்தினார். பேனாவை மூடி வைத்தார். தொலைபேசியை எடுத்து விசாரிக்க ஆரம்பித்தார்.

நேரடியாகப் படிக்கிற கருவி அந்தக் கட்டடத்தில் எங்கும் இல்லை. கடைசியில், மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்தார்கள். சலேத் கறுப்புப் பெட்டியைச் செருகினாள். பெட்டி உள்ளே இரண்டு தரம் டக் டக் என்றது. பிறகு மௌனம். அந்த மௌனத்தில் அவள் தன் வாழ்நாளில் வேண்டிக்கொள்ளாத புனிதர்களிடமெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

திரையில் இருட்டு ஆடியது. மின்விசிறியின் கிறீச்சொலி. ஒரு பெண் விம்மும் சத்தம், “மாதாவே, எம் பிள்ள, மாதாவே.” படம் கட்டிலைத் தேடிப்போய், தவறவிட்டு, மறுபடி பிடித்தது. சின்னக் கால் ஒன்று போர்வைக்கு வெளியே கிடந்தது. அதன் பெருவிரல் மட்டும் தனியாக மேலே எழும்பி நின்றது. அதற்குப் பிறகுதான் கை துடித்தது.

உமையாள் திரும்பப் போட்டார். அடுத்ததைப் போட்டார். அதற்கடுத்ததையும். ஒன்றில் கால் மறைந்திருந்தது. ஒன்றில் படம் கூரையைக் காட்டியது. மற்றவற்றில் எல்லாம் விரல் எழும்பியது.

“பாதத்துக்கான இடம் மூளையோட நடுப்பிளவுல, உள்பக்கமா இருக்கு” என்றார் கடைசியில். அவர் குரல் மாறியிருந்தது. “தலைக்கு மேல ஒட்டுற உணரிகளுக்கு அது சரியாத் தெரியாது. நான் கைக்கான இடத்தை எடுக்கிறதா இருந்தேன். எடுத்திருந்தா வலிப்பும் நின்னிருக்காது, கையும் போயிருக்கும்.”

தேதி ஒத்திவைக்கப்பட்டது. மூளைக்குள்ளேயே நுண்கம்பிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். விரல் காட்டிய இடம்தான் சரி என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ரெனிட்டா சில வாரம் இடது காலை இழுத்து நடந்தாள். பிறகு அதுவும் சரியானது. வலிப்பு வரவில்லை. முதலில் சலேத் ஒவ்வொரு நாளும் பயந்தாள். பிறகு பயப்படுவதை ஒரு நாள் மறந்தாள். மறந்ததை எண்ணி மறுநாள் பயந்தாள். அப்படியே பழகிப்போனது.

மறுபரிசோதனைக்குப் போனபோது உமையாள் அவளிடம் வேறொரு விஷயம் சொன்னார்.

“நாங்க படிக்கிறப்ப ஆயிரக்கணக்கான வலிப்பு வீடியோ பார்த்துத்தான் கத்துக்கிட்டோம். எல்லாம் சாறுவட்டுல இருந்து வந்தது. எல்லாப் பிள்ளைங்களுக்கும் கையில ஆரம்பிக்கும், முகத்துல ஆரம்பிக்கும். இப்ப யோசிச்சா, அந்த ஆயிரம் பிள்ளைங்களும் ஒரே பிள்ளையாக்கூட இருந்திருக்கலாம்.” அவர் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். “உங்க வீடியோவ வெளியில காட்ட அனுமதிப்பீங்களா? மலர்த்திய உண்டாக்குறவங்களுக்கே அனுப்பலாம்னு பார்க்கிறேன். அதுக்கு இந்த அடையாளம் தெரியாததாலதான் சக்கைன்னு தூக்கிப்போட்டுருச்சு. தெரிஞ்சுக்கிட்டா இனிமே தூக்கிப்போடாது.”

ததேயு மனைவியைப் பார்த்தான். ஒரு காலத்தில் நாத்தனாருக்குக்கூடத் தெரியக் கூடாது என்றவன் அவன்தான். “குடுப்போம்” என்றான். “நாலு பிள்ளைகளுக்கு ஆகட்டும்.”

சலேத் கையெழுத்துப் போட்டாள். மலர்த்தியை உண்டாக்கியவர்கள் மிகுந்த அக்கறையோடு நடந்துகொண்டார்கள். பிழையை ஒப்புக்கொண்டார்கள், நன்றி சொல்லி எழுதினார்கள். ரெனிட்டாவின் விரலைத் தங்கள் மலர்த்திக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதாகவும், உலகத்திலுள்ள எல்லா வட்டுகளுக்கும் அந்தத் திருத்தம் போய்ச்சேர்ந்துவிட்டதாகவும் அறிவித்தார்கள்.

*

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சலேத்துக்கு அழைப்பு வந்தது. தெரியாத எண்.

“அக்கா, நான் சாத்தூர்லேர்ந்து பேசுதேன். சண்முகக்கனின்னு பேரு. மதுர ஆஸ்பத்திரியில உங்களப் பத்திச் சொன்னாங்க.” இளம் குரல். ஓடிவந்து பேசுவது போல மூச்சு வாங்கியது. “எம் பையனுக்கும் உங்க பிள்ளைக்கு இருந்த அதேதான்க்கா. இடது கால் பெருவிரலு. முதல்ல அதான் தூக்குது. டாக்டரம்மா நம்ப மாட்டேங்காங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா...”

“அவங்க நம்புவாங்களே” என்றாள் சலேத். “எப்ப பாத்த?”

“நேத்து பாத்தேன்க்கா.”

“நேத்து வலிப்பு வந்துச்சா?”

“இல்லக்கா. வீடியோவுல. ரெண்டு வருசம் முன்ன எடுத்தது.”

சலேத் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

“அன்னைக்கு, எடுக்கும்போது, விரல் தூக்குச்சாம்மா?”

“ஞாபகம் இல்லக்கா. நான் அழுதுட்டு இருந்தேன்.”

“அந்த வீடியோ எதுல இருக்கு?”

“சாறுவட்டுலதான். எல்லாரும் அதுலதான வைக்காங்க. ஏத்துனதும் செல்போன அழிச்சு வித்துட்டோம்.” குரல் தணிந்தது. “டாக்டரம்மாவும் இதத்தான்க்கா கேட்டாங்க. இப்ப வார்டுல எல்லாப் பிள்ளைங்க வீடியோவுலயும் விரல் தூக்குதாம். பழையது புதுசு எல்லாத்துலயும். எத நம்புறதுன்னே தெரியலம்மான்னு சொல்லி, அவங்களே தலையில கைய வச்சு உக்காந்துட்டாங்க.”

சலேத் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். மலர்த்தி இப்போது வலிப்பு வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ரெனிட்டாவின் விரலையே வரைந்துகொண்டிருந்தது. அந்தக் கையெழுத்து, ததேயு சொன்ன வார்த்தை, எல்லாம் நல்ல மனதோடு செய்தவை. அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

“இந்தா பாரும்மா” என்றாள். “வீடியோ எதையும் பாக்காத. இனி எடுக்கவும் எடுக்காத. அடுத்து வரும்போது பக்கத்துல உக்காந்து, அழாம, கண்ணால பாரு. கை, கால், முகம், எது முதல்லன்னு பாரு. பாத்தத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லு. நான் பேசுதேன் அவங்ககிட்ட. அம்மா சொல்லுதத நம்பச் சொல்லி நான் பேசுதேன்.”

“அதுக்கில்லக்கா” என்றாள் சண்முகக்கனி. அழுகையை அடக்கிப் பேசுவது தெரிந்தது. “அந்த வீடியோவ நேத்துலேர்ந்து எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியாது. கண்ண மூடுனா அந்த விரல்தான் தூக்குது. இனிமே நெசத்துல பாத்தாலும் எனக்கு அது தூக்குற மாதிரிதானக்கா தெரியும்?”